டிஸ்கோ என்னும் நூலகம்

ஆண்டுக்கு இரண்டு மூன்று முறையேனும் சரண்ஜித் சிங்கின் பெயர் சமூக ஊடகங்களில் ஊர்வலம் வருகிறது. ஆசிட் ஹவுஸ் என்னும் மின்னணு நடன இசையைக் கண்டுபிடித்தவர் ஓர் இந்தியர் என்பதும், மேற்குலகம் அதை மறைத்துவிட்டது என்பதும் அந்த ஊர்வலத்தின் முழக்கங்கள். பேராசிரியர்கள் பகிர்கிறார்கள், ஆய்வு மாணவர்கள் விருப்பக்குறி இடுகிறார்கள், இரண்டு நாளில் அது ஓய்ந்துவிடுகிறது. அந்த இசைத்தட்டின் ஒரு படியேனும் தம் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறதா என்ற கேள்வி மட்டும் அந்தப் பதிவுகளின் கீழே எழுவதே இல்லை.

முதலில் செய்தியைச் சரியாக வைத்துக்கொள்வது நல்லது. இந்தித் திரைப்பட இசைக்குழுக்களில் கிதாரும் விசைப்பலகையும் வாசித்துவந்த சரண்ஜித் சிங், 1982இல் பத்து இந்துஸ்தானி ராகங்களை டிஸ்கோ தாளத்தில் அமைத்து எச்.எம்.வி. வழியாக ஓர் எல்.பி. வெளியிட்டார். பைரவியும் யமனும் மால்கௌன்ஸும் அதில் உண்டு. ரோலண்ட் நிறுவனத்தின் டி.ஆர்.-808 தாளக் கருவி, டி.பி.-303 பாஸ் கருவி, ஜூப்பிட்டர்-8 சிந்தசைசர் ஆகிய மூன்றும்தான் அவருடைய பக்கவாத்தியங்கள். தட்டு விற்கவில்லை. 2002இல் டில்லியில் ஒரு கடையில் அது எடோ பௌமன் என்னும் டச்சுச் சேகரிப்பாளரின் கையில் அகப்பட்டது. 2010இல் தம் பாம்பே கனெக்சன் நிறுவனத்தின் வழியே அவர் அதை மறுவெளியீடு செய்தார். அதன் பின்னரே சரண்ஜித் சிங் ஐரோப்பிய மேடைகளில் வாசித்தார், 2015இல் மறைந்தார்.

ஆசிட் ஹவுஸின் தொடக்கமாகப் பொதுவாகக் குறிக்கப்படும் 'ஆசிட் டிராக்ஸ்' என்னும் தட்டு சிகாகோவின் பியூச்சர் குழுவால் 1987இல் வெளியானது. அவர்களும் டி.பி.-303ஐயே பயன்படுத்தினார்கள். ஒற்றைக் கிதார்க்காரருக்குப் பாஸ் துணை தருவதற்காகச் செய்யப்பட்டு, வணிகத்தில் தோற்று, 1984இலேயே உற்பத்தி நின்றுபோன கருவி அது. விலை சரிந்ததால் சிகாகோவின் ஏழை இளைஞர்களுக்கு எட்டியது. சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்கிச் செல்லும் அதன் இயல்பு, ராகத்தின் சாயலைத் தேடிய பம்பாய்க் கலைஞருக்கு ஒரு வகையில் உதவியது. கருவியின் திருகுகளைத் திருகி விசித்திர ஒலி தேடிய சிகாகோக் கலைஞருக்கு வேறு வகையில் உதவியது. இருவருக்கும் பொதுவாக இருந்தது ஒரு ஜப்பானியப் பெட்டி. இவரைக் கேட்டு அவர்கள் செய்தார்கள் என்பதற்குச் சான்று ஏதுமில்லை. தாக்கம் இல்லாத இடத்தில் தந்தைமையை நிறுவ முயல்வது வரலாறு ஆகாது.

இந்த 'முதல்' வெறியைத் தமிழ் ஆய்வுலகம் நன்கு அறியும். உலகின் முதல் மொழி, முதல் மாந்தன், முதல் நாகரிகம் என்று அரை நூற்றாண்டுக்கு மேலாக அதனோடு குடித்தனம் நடத்திய அனுபவம் அதற்கு உண்டு. ஒப்பியல் மொழியியலின் எளிய விதி ஒன்று முதலாண்டு மாணவருக்கும் தெரியும்: ஒப்புமை வேறு, உறவு வேறு. இரு மொழிகளில் ஒத்த சொல் இருப்பதனால் மட்டும் அவை உறவு மொழிகள் ஆவதில்லை. இதைச் சொற்பிறப்பியல் வகுப்பில் கண்டிப்பாகக் கற்பிப்பவர்களே, இசைத்தட்டு என்று வந்ததும் விதியைத் திண்ணையில் கழற்றி வைத்துவிடுகிறார்கள்.

எதிர்த்தரப்பும் ஒன்று உண்டு. ஐரோப்பியச் சேகரிப்பாளர்கள் மூன்றாம் உலகின் இசையைக் கொள்ளையடிக்கிறார்கள், 'கண்டெடுத்தோம்' என்று கொலம்பசைப் போலக் கொடி நடுகிறார்கள் என்பது அதன் வாதம். இதில் உண்மை இல்லாமல் இல்லை. 1982இல் கனடாவின் கால்கரி நகரில் ரூபா பிஸ்வாஸ் பாடிப் பதிவான 'டிஸ்கோ ஜாஸ்' தட்டில் ஆஷிஷ் கானின் சரோத் ஒலிக்கிறது. கொல்கத்தாவின் மெகாபோன் வெளியிட்ட அத்தட்டும் விற்கவில்லை. பல்லாண்டுக் காலம் பாடியவருக்கே தெரியாமல் அதன் பழம்படிகள் அயல்நாடுகளில் பெருவிலைக்குக் கைமாறின. 2019இல் சிகாகோவின் நியூமெரோ குழுமம் அவரோடு சேர்ந்து முறையாக மறுவெளியீடு செய்த பிறகே கதை மாறியது. கைமாறிய விலையில் கலைஞருக்குக் காசு வராதது அநீதி; அதில் ஐயமில்லை.

எனினும் 'காலனியம்' என்ற ஒரே சாவியால் இந்தப் பூட்டைத் திறக்க முயல்பவர்கள் இத்தாலியைச் சற்று எண்ணிப்பார்க்க வேண்டும். எண்பதுகளின் தொடக்கத்தில் இத்தாலியச் சிறு நிறுவனங்கள் குறைந்த செலவில், சிந்தசைசரும் தாளப்பெட்டியும் கொண்டு, இத்தாலியரே தட்டுத்தடுமாறிப் பாடிய ஆங்கிலத்தில் ஆயிரக்கணக்கான நடனத் தட்டுகளை வெளியிட்டன. இன்று 'இத்தாலோ டிஸ்கோ' என்று வழங்கும் அந்த இசைக்கு அப்பெயரைப் பரப்பியது ஒரு ஜெர்மானிய நிறுவனம். அதன் பெயர் சிக்ஸ். உள்நாட்டில் மலிவுச் சரக்கு என்று ஒதுக்கப்பட்ட அந்தத் தட்டுகளைத் திரட்டிக் காத்தவர்களுள் முன்னணியில் நின்றவர்கள் நெதர்லாந்துக்காரர்கள். டென் ஹாக் நகரின் ஐ-எஃப் 1999இல் தொகுத்து வெளியிட்ட ஒரு கலவைத் தட்டு, மறந்துபோன அந்த இசையை ஒரு புதிய தலைமுறையின் காதுக்குக் கொண்டுவந்தது. இத்தாலி எந்தக் காலத்தில் நெதர்லாந்தின் காலனியாக இருந்தது? தன் சொந்த மலிவுக் கலையை இழிவாகக் கருதும் சமூகம் எதுவாயினும், அதன் எச்சங்களை அடுத்த வீட்டுக்காரர்தான் பொறுக்குகிறார். ரோமாபுரிக்கும் கோடம்பாக்கத்துக்கும் இதில் வேறுபாடு இல்லை.

வேறுபாடு மற்றோர் இடத்தில் இருக்கிறது. அது ஒரு சொல்லின் வரலாற்றுக்குள் புதைந்து கிடக்கிறது. 'டிஸ்கோ' என்பது 'டிஸ்கோதேக்' என்பதன் குறுக்கம். கிரேக்கத்தில் 'டிஸ்கோஸ்' என்றால் வட்டத் தட்டு. 'தேக்கே' என்றால் வைப்பிடம். நூல்களின் வைப்பிடம் 'பிப்லியோதேக்கா' ஆனதைப் போல, இசைத்தட்டுகளின் வைப்பிடம் இத்தாலியத்தில் 'டிஸ்கோதேக்கா' ஆயிற்று. 1928இல் ரோமில் 'அரசு டிஸ்கோதேக்கா' என்ற பெயரில் ஒரு நிறுவனம் தொடங்கப்பட்டது. அங்கே எவரும் ஆடவில்லை. அது நாட்டின் ஒலி ஆவணக் காப்பகம். வாத்தியக் குழுவுக்குப் பதிலாகத் தட்டுகளை ஓடவிட்ட பாரிஸ் இரவு விடுதிகள் பின்னரே அச்சொல்லின் பிரெஞ்சு வடிவத்தைத் தமக்குச் சூட்டிக்கொண்டன. ஆங்கிலம் அதன் வாலை நறுக்கியது. நறுக்கிய துண்டு பம்பாய் வழியாகச் சென்னைக்கு வந்து சேர்ந்தது. தமிழுக்கு வந்தபோது அதில் ஆட்டம் இருந்தது, பளபளக்கும் சட்டை இருந்தது, சுழலும் கண்ணாடி உருண்டை இருந்தது. நூலகம் வழியிலேயே இறங்கிவிட்டது.

இதைச் சொல்நயத்துக்காகச் சுட்டவில்லை. இந்தியாவில் 1954ஆம் ஆண்டின் நூல் ஒப்படைப்புச் சட்டம் அச்சிட்ட ஒவ்வொரு நூலின் படியையும் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னைக் கன்னிமாராவுக்கும் ஏனைய குறித்த நூலகங்களுக்கும் அளிக்கும் கடமையைப் பதிப்பாளர்மீது சுமத்துகிறது. பின்னர் நாளிதழ்களும் அதில் சேர்க்கப்பட்டன. இசைத்தட்டும் ஒலிநாடாவும் அச்சட்டத்தில் இல்லை. நாலாந்தர நாவலுக்கும் கன்னிமாராவில் இடம் பெறும் உரிமை உண்டு. எண்பதுகளில் ஊரையே ஆட்டிவைத்த பாட்டுக்கு இல்லை. பிரான்சு 1938இலேயே ஒலிப்பதிவுகளைக் கட்டாய ஒப்படைப்புக்குள் கொண்டுவந்து அதற்கெனத் தேசிய ஒலியகம் அமைத்தது. இத்தாலியின் 2004ஆம் ஆண்டுச் சட்டமும் ஒலி ஆவணங்களைச் சேர்த்துக்கொண்டது. இத்தாலிய விமரிசகர் டிஸ்கோவை இகழலாம். இத்தாலிய அரசு அதை ஆவணமாக ஏற்கக் கடமைப்பட்டுள்ளது. இங்கே விமரிசகரின் இகழ்ச்சியும் அரசின் அலட்சியமும் ஒன்றே.

பெங்களூருக்கு இந்த வரலாற்றில் தனிப் பங்கு உண்டு என்பதை அந்நகரத்துப் பல்கலைக்கழகங்களே அதிகம் பேசுவதில்லை. குடகுக் குடும்பம் ஒன்றில் 1945இல் பெங்களூரில் பிறந்த பிட்டு அப்பையா (தமிழெழுத்தில் அவர் பெயரைச் சரியாக எழுதவே முடியாது, 'பித்து' என்றும் சிலர் எழுதுகிறார்கள், அவர் தொழிலுக்கு அதுவும் பொருந்தும்) அறுபதுகளில் இங்கே 'டிரோஜன்ஸ்' என்னும் குழுவில் பாடிவிட்டு இலண்டன் சென்றார். 1974இல் அவர் தயாரித்த 'குங்ஃபூ ஃபைட்டிங்' உலகெங்கும் விற்றது. இலண்டனில் வாழ்ந்த பாகிஸ்தானியச் சிறுமி நாசியா ஹசனின் குரலில் 'குர்பானி' (1980) படத்துக்கு அவர் தந்த பாடல்தான் இந்தித் திரையில் டிஸ்கோவின் மடையைத் திறந்தது. அப்படத்தின் இயக்குநர் பெரோஸ் கானும் பெங்களூரில் பிறந்தவர். இரண்டு பெங்களூர்க்காரர், ஒரு கராச்சிக் குடும்பத்துப் பெண், இலண்டன் ஒலிக்கூடம், பம்பாய்ப் படம். 'மேற்கு திருடியது' என்றோ 'மேற்கிலிருந்து திருடியது' என்றோ ஒற்றை வரியில் எழுதுவோர் இந்த வழித்தடத்தை எங்கே வைப்பார்கள்?

தமிழுக்கு வந்தால் நிலைமை இன்னும் சிக்கலானது. இளையராஜாவின் 1977 முதல் 1983 வரையிலான மின்னணுப் பாடல்களைத் தேர்ந்தெடுத்து பிரிட்டனின் ஃபைண்டர்ஸ் கீப்பர்ஸ் நிறுவனம் 'சொல்லச் சொல்ல' என்னும் தொகுப்பை வெளியிட்டது. நிறுவனத்தின் பெயரையே கவனிக்கலாம்: கண்டவருக்கே உடைமை என்பது ஆங்கிலச் சிறுவர் வழக்கு. பெயரைக் கண்டு சினப்பது எளிது. அந்நிறுவனம் தேர்ந்தெடுத்தது நடன அரங்கின் காதால். அது அதன் தொழில். 'அன்னக்கிளி'க்குப் பிந்தைய ஏழாண்டில் நூற்றுக்கு மேற்பட்ட படங்களுக்கு இசையமைத்த ஒருவரின் பரப்பிலிருந்து சிந்தசைசர் ஒலிக்கும் பாடல்களை மட்டும் பொறுக்கி எடுக்க அதற்கு எல்லா உரிமையும் உண்டு. குற்றம் வேறிடத்தில். அந்தப் பொறுக்கலையே அக்கால இசையின் வரலாறாக எடுத்துக்கொண்டு, அதன் உறைக் குறிப்பை மேற்கோள் காட்டி, இங்கே ஆய்வுக் கட்டுரை எழுதப்படுகிறதே, அங்கேதான்.

தமிழில் பதிப்பு என்றால் என்னவென்று எவரும் வெளியிலிருந்து வந்து கற்பிக்க வேண்டியதில்லை. உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றியபோது ஏடு கிடைத்த இடம், பாடபேதம், உரையாசிரியர் பற்றிய செய்தி என்று ஒவ்வொன்றையும் பதிவுசெய்தார். ஆடிப்பெருக்கில் ஆற்றில் விட்ட ஏடுகளை எண்ணி அவர் வருந்திய கதையை மேடைதோறும் கண்ணீருடன் சொல்பவர்கள், 1985இல் சென்னை மூர் மார்க்கெட் எரிந்தபோது அங்கிருந்த பழந்தட்டுக் கடைகளும் எரிந்ததை அதே வரிசையில் வைப்பதில்லை. ஏடு செவ்வியல், தட்டு சினிமா. இந்தப் பாகுபாடு எவ்வளவு ஆழமானது என்பதற்கு ஒலித்தட்டு ஆவணப்படுத்தலின் வரலாறே சான்று. 78 சுழற்சி அரக்குத் தட்டுகளுக்கு ஓரளவு பாதுகாவலர்கள் உண்டு: 1990இல் மும்பையில் தொடங்கிய இந்திய இசைத்தட்டுச் சேகரிப்பாளர் சங்கம், மைக்கேல் கின்னியரின் தட்டு விவரப்பட்டியல்கள், 'யங் இந்தியா', 'ஓடியன்' தட்டுகளை எண்ணிமமாக்கப் பிரித்தானிய நூலகம் அளித்த நல்கைகள். அந்தப் பட்டியலில் பெரும்பகுதி மரபிசையும் பழைய நாடகப் பாட்டும். எண்பதுகளின் இன்ரெகோ, எக்கோ தட்டுகள் காப்பகத்துக்கு வேண்டிய அளவு பழையவை ஆகவில்லை. இணைய ஒலியோடைகளுக்கு வேண்டிய அளவு புதியவையாகவும் இல்லை.

திரைப்பாடலின் தட்டு வடிவமும் படவடிவமும் ஒன்றல்ல என்பது அந்தத் தட்டுகளோடு பழகிய எவருக்கும் தெரியும். படத்தில் ஒரு சரணம் வெட்டுப்படும். தணிக்கைக்காக ஒரு சொல் மாறும். தட்டில் உள்ள முன்னிசை படத்தில் இராது. இணையத்தில் உலவும் படிகளுள் சில, நாடாவின் வேகம் பிறழ்ந்து, அரைச் சுரம் ஏறியோ இறங்கியோ ஒலிக்கின்றன. இவை பாடபேதங்கள் இல்லையென்றால் வேறு எவை? மொழியியலாளருக்கு இது பொழுதுபோக்கும் ஆகாது. எஸ்.பி.பாலசுப்பிரமணியமும் ஜானகியும் தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள், யேசுதாஸ் மலையாளி. எண்பதுகளின் கோடிக்கணக்கான தமிழ்க் காதுகளுக்கு 'ழ'கரத்தின் முன்மாதிரி ஒலிப்பைத் தந்தது இந்த மூவரின் குரலும்தான். டிஸ்கோப் பாடல்களில் வரும் ஆங்கிலச் சொற்களின் அசையழுத்தம், பொருளற்ற கூவல்கள், தமிழ் வினையோடு ஆங்கிலப் பெயரை ஒட்டிய தொடர்கள் ஆகியவை மொழிக்கலப்பு ஆய்வுக்கு ஆண்டு குறித்த, ஆள் குறித்த சான்றுகள். ஆண்டும் ஆளும் குறித்திருந்தால்தான் அவை சான்றுகள். 'எண்பதுகளின் ஹிட்ஸ்' என்ற கோப்புறையில் கிடக்கும்வரை அவை வெறும் ஒலி.

சேகரிப்புச் சந்தை தானாகவே இவற்றைக் காத்துவிடும் என்று எண்ணுவோர் ஒலிநாடாவை மறந்துவிடுகிறார்கள். எண்பதுகளின் நடுவிலேயே இந்தியச் சந்தை தட்டிலிருந்து நாடாவுக்குத் தாவிவிட்டது. பீட்டர் மேனுவல் 1993இல் எழுதிய நூலின் பொருளே அதுதான். 'டிஸ்கோ டான்சர்' தமிழில் 'பாடும் வானம்பாடி' (1985) ஆகி வந்த காலத்தில், ஊர்ப்புறத்து வீடுகளில் சுழன்றவை பெரும்பாலும் நாடாக்களே. ஐரோப்பிய நடன அரங்குக்கு வேண்டியது கரும்தட்டு. எனவே தட்டாக வந்தவற்றுக்கு விலை ஏறுகிறது. நாடாவாக மட்டும் வந்தவற்றின் காந்தப்பூச்சு உதிர்கிறது. சந்தையின் காதுக்கு எட்டாத பாதி வரலாற்றை எந்த டச்சுக்காரரும் வந்து காப்பாற்றப் போவதில்லை.

வழக்கமான சாக்குகள் மூன்று. முதலாவது சட்டம். 1982இல் வெளியான ஒலிப்பதிவின் உரிமை 2042 முடியும்வரை நீடிக்கும் என்பது மெய். ஆனால் வணிக நோக்கமற்ற பொது நூலகம் தன்னிடம் எண்ணிமமல்லாத படி ஒன்று இருக்குமானால், பாதுகாப்புக்காக அதை மின்னணு முறையில் சேமிக்கலாம் என்று 2012ஆம் ஆண்டுத் திருத்தம் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவில் தெளிவாகச் சொல்கிறது. உரிமையாளர் இன்னார் என்று அறியமுடியாத படைப்புகளுக்குக் கட்டாய உரிமம் கோரும் வழி 31அ பிரிவில் உண்டு. இளையராஜாவுக்கும் ஒலிப்பதிவு நிறுவனங்களுக்கும் இடையிலான வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2019 ஜூனில் அளித்த தீர்ப்பையும் அதைத் தொடர்ந்த சச்சரவுகளையும் வரிவரியாக விவாதிக்கும் கல்விப்புலத்தார், யாருக்கு உரிமை என்பதையே திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். யார் காப்பது என்ற கேள்வி நீதிமன்றத்தின் முன் வைக்கப்படவே இல்லை.

இரண்டாவது சாக்கு பணம். கருத்தரங்கப் பைகளுக்கும் பொன்னாடைகளுக்கும் ஆகும் செலவைக் கண்டவர்கள் இதைப் பற்றிப் பேசாமல் இருப்பதே மேல்.

மூன்றாவது கருவி. 'தட்டு ஓட்டும் இயந்திரம் பழுது, பாகம் கிடைப்பதில்லை' என்பார்கள். பெங்களூரின் பீன்யா தொழிற்பேட்டை எழுபதுகளில் உருவானது; ஆயிரக்கணக்கான சிறுதொழிற்கூடங்கள் அங்கே இயங்குகின்றன; தமிழ்நாட்டிலிருந்து வந்து லேத் முன் நிற்பவர்களும் அவற்றில் உண்டு. விமானப் பாகத்துக்கும் மோட்டார் பாகத்துக்கும் மைக்ரான் கணக்கில் கடைந்து கொடுக்கும் ஊரில், தட்டுச் சுழற்றியின் நடுத்தண்டுக்கு ஒரு புஷ், வார்ப்பட்டைக்கு ஒரு சக்கரம் கடைந்து வாங்க முடியாது என்று சொல்வது அறியாமை. ஊசியை மட்டும் விலைக்கு வாங்க வேண்டும். பல்கலைக்கழகத்துக்கும் பட்டறைக்கும் இடையில் உள்ள சில கிலோமீட்டரைக் கடக்க எவரும் முயன்றதில்லை என்பதே உண்மை. பட்டறைக்காரர் அதைக் கடந்து வரமாட்டார். அவருக்கு அந்தத் தட்டு வெறும் பி.வி.சி. பழைய பொருள் வணிகத்தின் தராசிலும் அப்படியே.

இத்தனைக்கும் நடுவில் தட்டுகள் பிழைத்திருப்பது பழைய பொருள் வணிகர்களாலும் சேகரிப்புப் பித்தர்களாலும். பெங்களூரின் அவென்யூ சாலைப் பக்கத்துத் தட்டு வணிகர், உறையைப் புரட்டாமலே முத்திரையின் நிறத்தை வைத்து எந்த ஆண்டு அச்சு என்று சொல்லக்கூடியவர். அவருடைய அறிவு வாய்மொழி அறிவு. நாட்டார் வழக்காற்றியல் துறைகள் பாட்டியரிடம் தாலாட்டைப் பதிவு செய்யச் செல்கின்றன. இந்தக் கடைகளுக்குச் செல்வதில்லை. ஆய்வு மாணவர் எவரேனும் சென்றால் முதலில் குறிக்க வேண்டியவை அட்டவணை எண், முத்திரைத் தாளின் நிறம், தட்டின் உள்விளிம்பில் கீறிய மூல அச்சு எண், உறையின் பின்பக்கம் முழுவதும். பி.வி.சி. எளிதில் அழிவதில்லை; நிழலில் நிமிர்த்தி வைத்தால் நூறாண்டும் தாங்கும். அட்டை உறை அவ்வாறில்லை. மழைக்காலத்து ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பிரிக்கும்போது மேல்தாள் உரியும். கரையான் பசையைத் தேடி வரும். பாடலாசிரியரின் பெயரும், அரிதாகச் சில தட்டுகளில் வாத்தியக்காரர், ஒலிப்பதிவாளர் பெயரும் அச்சாகியிருப்பது அந்த அட்டையின் பின்பக்கத்தில்தான்.